‘வேண்டாம்’ என்று ஓர் அட்டை இல்லை

இராஜகீழ்ப்பாக்கத்துக்கும் செம்பாக்கத்துக்கும் இடையே, வேளச்சேரி பிரதான சாலையில் அமைந்துள்ள கருணைக்குடை பல்துறை மருத்துவமனையைக் குறை கூறுவது இக்கதையின் நோக்கமன்று. அங்கே நோயாளிகள் மிகுந்த அன்புடன் நடத்தப்படுகிறார்கள். அந்த அன்பு சற்றுக் கூடுதலாகிவிட்டது என்று கருதியவர் ஒரே ஒருவர்தான். அவரும் கடற்கரையில் உரக்கப் பேசிப் பழகியவர் என்பதால், அவருடைய கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று நிர்வாகம் அன்புடன் தெரிவித்துள்ளது.

அவர் பெயர் செல்லியம்மாள். உத்தண்டிக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் ஏலம் விடுபவர். விடிந்து படகுகள் கரையேறியதும், மணலில் குவித்த மீனைச் சுற்றி வியாபாரிகள் கூடுவார்கள். செல்லியம்மாள் நடுவில் நின்று குரல் கொடுப்பார். அவரிடம் ஓர் உத்தி இருந்தது. முதல்தரமான வஞ்சிரத்தைக் காட்டி, நெத்திலிக்குக்கூடக் கட்டுப்படியாகாத ஒரு விலையைக் கூவுவார். ‘ஒரு தரம்’ என்பார். ‘ரெண்டு தரம்’ என்று இழுப்பார். இன்று வாயைத் திறப்பதில்லை என்று உறுதியோடு வந்த வியாபாரியும், மீன் தப்பான விலைக்கு முடிந்துவிடப் போகிறதே என்ற வேதனையில் தன்னையறியாமல் கத்திவிடுவார். சரியான விலையை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, தவறான விலை முடிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனிதப் பிறவியால் இயலாது என்பது செல்லியம்மாளின் அனுபவம்.

அந்தக் குரல் தை மாதத்தில் கம்மத் தொடங்கியது. பங்குனி பிறந்தபோது, அவர் சங்கராவைக் கூவினாரா சுறாவைக் கூவினாரா என்று வியாபாரிகள் அருகில் வந்து கேட்கும்படி ஆயிற்று. சேலையூரில் குடியிருக்கும் மகள் வினிதா அவரைக் கருணைக்குடைக்கு அழைத்து வந்தாள். டாக்டர் ரோஹிணி என்ற இளம் மருத்துவர் தொண்டைக்குள் குழாய்விட்டுப் பார்த்து, சிறு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது. முடிவு வந்த அன்றுதான் முறை தொடங்கியது.

“பேஷண்ட் வெளியில உக்காரட்டும். அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க” என்றது கதவிலிருந்து ஒரு குரல்.

அட்டெண்டர் என்றால் நோயாளியுடன் வந்தவர். செல்லியம்மாள் வெளியே உட்கார்ந்தார். தொண்டை வெளியே இருந்தது. அதைப் பற்றிய பேச்சு உள்ளே நடந்தது. வினிதா வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

“இன்னாடி சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லாததுக்கா கண்ணு இப்டி செவந்துகீது?”

“ஏசி ஒத்துக்கலம்மா. ரோஸ்மில்க் சாப்புடுறியா?”

செல்லியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கப்பன் செத்த அன்னிக்குத்தான் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தே. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் கேக்குறே. இன்னா சமாசாரம், சொல்லு.”

வினிதா சொல்லவில்லை. சொல்வதில்லை என்று உள்ளே சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

ஆகவே செல்லியம்மாள் தாமே கதவை நோக்கி நடந்தார். காவலாளி குமரேசன் குறுக்கே கை நீட்டினார். “யம்மா, பேஷண்டுல்லாம் உள்ள போவக்கூடாது.”

“ஆஸ்பத்திரில பேஷண்டு போவாம வேற யாருய்யா போவாங்க?”

இக்கேள்விக்கு விடையளிக்கக் குமரேசனுக்கு அதிகாரம் இல்லாததால், அவர் செல்லியம்மாளை நோயாளர் மனஅமைதிக் குழுவின் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே அமைதி ஒருங்கிணைப்பாளர் தமிழினி புன்னகையுடன் வரவேற்றார். அந்தப் புன்னகைக்கும் பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது. பல்லின் மேல்வரிசை மட்டும் தெரிந்தது.

“அம்மா, இன்ஃபர்மேஷன்ங்கிறது ஒரு மருந்து மாதிரி. மருந்தை நீங்களா எடுத்துப் போட்டுப்பீங்களா? டாக்டர் எழுதிக் குடுக்கணும் இல்லையா? அதே மாதிரிதான் இதுவும்.”

“சரி. அந்த மருந்து யாருக்கும்மா?”

“உங்களுக்குத்தான்.”

“அப்ப என் பொண்ணு எதுக்கு அதைக் குடிச்சிட்டு அழுதுகினு கீறா?”

தமிழினி இதனை எதிர்வினை என்று குறித்துக்கொண்டு, தாங்குதிறன் மதிப்பீட்டைத் தொடங்கினார். உண்மையைக் கேட்கும் வலிமை நோயாளிக்கு உண்டா என்று கண்டறியும் தேர்வு அது. அதில் தேறினால் உண்மை வழங்கப்படும்.

“நீங்க ரொம்ப ஆசையா வளர்த்த ஒரு செடி வாடிப்போயிடுது. என்ன பண்ணுவீங்க?”

“தண்ணி ஊத்துவேன்.”

“அப்பவும் வாடிடுது.”

“புடுங்கிப் போட்டுட்டு வேற வெப்பேன்.”

“அழ மாட்டீங்களா?”

“செடிக்கா?” செல்லியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலில் முடிந்தது.

முடிவு உடனே அறிவிக்கப்பட்டது. நோயாளி தேறவில்லை. சிரிப்பு என்பது உண்மையை மறுக்கும் மனநிலையின் அறிகுறி.

“அப்ப அழுதிருந்தா பாஸா?”

“அழுதா தாங்குற சக்தி இல்லைன்னு அர்த்தம்மா.”

“கம்முனு இருந்திருந்தா?”

“உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிட்டீங்கன்னு அர்த்தம்.”

“இதுல யாருதாம்மா பாஸாயிக்கீறாங்க?”

“இதுவரைக்கும் யாருமே இல்லம்மா” என்றார் தமிழினி பெருமிதத்துடன். “அதுதான் எங்க ப்ரோகிராமோட சக்சஸே.”

வெளியே விட்டால் யாராவது சொல்லிவிடக்கூடும் என்பதால், செல்லியம்மாள் அன்றே வார்டில் சேர்க்கப்பட்டார். தேர்வில் தேறாதவர்களையும் மருத்துவமனை கைவிடுவதில்லை. அவர்களுக்கு உண்மை சிறுசிறு அளவாக, உணவுக்குப் பின், தரப்படும். முதல் நாள் இட்லி சாப்பிட்டு முடித்ததும் தமிழினி வந்து கட்டிலருகே அமர்ந்தார். செவிலியர் ஒருவர் இரத்த அழுத்தக் கருவியுடன் ஆயத்தமாக நின்றார்.

“அம்மா, உங்க தொண்டையில ஒண்ணு இருக்கு.”

அழுத்தம் அளக்கப்பட்டது. ஏறவில்லை.

“இன்னா அது?”

“அது நாளைக்கு டோஸ்.”

மறுநாள் பொங்கலுக்குப் பிறகு: “அது இருக்க வேண்டாத இடத்துல இருக்கு.”

அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மைக்கு விடுமுறை.

இதற்கிடையில் மனஅமைதி வட்டம் தன் பணியைத் தொடங்கியிருந்தது. குழுவின் தலைவர் டாக்டர் ஜெபசீலன் நுட்பமாக வகுத்த ஏற்பாடு அது. நோயாளியிடம் பேசக்கூடிய எவரும் உண்மையைத் தவறிச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் எதைச் சொல்லக்கூடாது என்பது தெரியாமல் ஒருவர் எப்படி அதைச் சொல்லாமல் இருக்க முடியும்? ஆகவே செல்லியம்மாளிடம் எதைச் சொல்லக்கூடாது என்பது வாசல் காவலாளி குமரேசனுக்கும், கேண்டீன் புஷ்பலதாவுக்கும், லிஃப்ட் இயக்குபவருக்கும், துணி வெளுப்பவருக்கும், தாம்பரத்திலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கும் தனித்தனிக் கூட்டங்களில் விளக்கிச் சொல்லப்பட்டது. கூட்ட இறுதியில் தேநீரும் சமோசாவும் வழங்கப்பட்டன.

விளைவு உடனே தெரிந்தது. முன்பு குறுக்கே கை நீட்டிய குமரேசன் இப்போது ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவாக்கா. படி கீது.”

“படி நேத்தும் இங்கதான்யா இருந்துச்சு.”

“மாரியாத்தாவுக்கு வேண்டிகினு கீறேங்க்கா. மொட்டை போடறேன்னு.”

“எதுக்கு?”

“சும்மாதாங்க்கா” என்று சொல்லிவிட்டுக் குமரேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புஷ்பலதா கேட்காமலே இரண்டாவது வடையும், கூட்டத்தில் மிஞ்சியது என்று ஒரு சமோசாவும் வைத்தார். துணி வெளுப்பவர் சாத்துக்குடிப் பையுடன் வந்து, கட்டிலின் காலடியில் சற்று நேரம் மௌனமாக நின்றுவிட்டுப் போனார். அந்த நிற்பு எப்படிப்பட்டது என்று செல்லியம்மாளுக்குத் தெரியும். துக்க வீட்டில் அப்படித்தான் நிற்பார்கள். ஆனால் அங்கே படுத்திருப்பவருக்கு அதைப் பார்க்க வாய்ப்பிருக்காது.

திங்கட்கிழமை தமிழினி டோஸ் எதுவும் கொண்டுவரவில்லை. மாறாக ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுவந்தார். நெகிழி உறையிட்ட, வண்ணப் படங்களுடன் கூடிய அட்டைகள்.

“இது ஒரு சின்ன விளையாட்டும்மா. ரெண்டு மணி நேரம் பேசாம, இதைக் காட்டியே எல்லாத்தையும் கேக்கணும். குரலுக்கு ரெஸ்ட் குடுக்கத்தான்.”

செல்லியம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தண்ணீர்க் குவளைப் படம். சோற்றுத் தட்டு. கழிப்பறை. முகம் சுளித்த ஒரு தலை, அது வலி. மின்விசிறி. கூப்பிய கைகள், அது நன்றி. நன்றி மட்டும் மூன்று அட்டைகள் இருந்தன. அது அடிக்கடி தேவைப்படும் என்று குழு கருதியிருந்தது.

“ஏம்மா, வேணாம்னு சொல்லணும்னா எதைக் காட்டறது?”

தமிழினி கட்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். மறுபடியும் கடைசியிலிருந்து முதல்வரை புரட்டினார்.

“அது... அந்தத் தேவை வராதும்மா.”

செல்லியம்மாள் அட்டைகளைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டோஸ் எதுவும் தேவைப்படாமலே அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது. ரெண்டு மணி நேரப் பயிற்சிக்கு யாரும் நெகிழி உறை போடமாட்டார்கள். தம் குரலை எடுத்துவிடப் போகிறார்கள்.

மாலையில் வினிதா ஃபிளாஸ்க்கில் கஞ்சியுடன் வந்தாள்.

“கொரலை எடுத்துருவாங்களாடி?”

ஃபிளாஸ்க் மூடி மகளின் கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“யாரும்மா சொன்னது உனக்கு?”

“யாரும் சொல்லல. அதுதான் இங்க பேஜாரே. எப்போ ஆபரேசன்?”

“புதன்கெழம. நான் கையெழுத்துப் போட்டுட்டேம்மா. ஆபரேஷன் பண்ணா நீ பொழச்சிப்பியாம். உனக்கு எதுவும் தெரியக்கூடாதாம். தெரிஞ்சா அந்த அதிர்ச்சியிலயே போயிடுவேன்னு பெரிய டாக்டர் சொன்னாரு.” வினிதா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ இருக்கணும்மா எனக்கு. பேசாட்டியும் பரவால்லம்மா.”

“உனக்குப் பரவால்ல. எனக்குப் பரவால்லயான்னு யாருடி கேட்டது?”

வினிதா அழுதாள். செல்லியம்மாள் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். நோயாளி அட்டெண்டருக்கு ஆறுதல் கூறும் இக்காட்சி வழிகாட்டு நெறிகளில் எங்கும் குறிப்பிடப்படவில்லை.

“நான் பொழைக்கணும்னு உனக்கு ஆசை கீது, எனக்கும் கீது. ஆனா கத்தி வெக்கிறது என் தொண்டையில. வேற வழி எதுனா கீதான்னு கேட்டியா?”

“கேக்கத் தோணலம்மா. அவ்ளோ பெரிய டாக்டர் சொல்றப்போ...”

“நாளைக்கு நான் கேக்கறேன்.”

செவ்வாய்க்கிழமை காலை குழு கூடியது. நோயாளி தம்முடைய வழக்கு விசாரிக்கப்படும் கூட்டத்தில் பார்வையாளராகக் கலந்துகொள்ளப் பெருந்தன்மையுடன் அனுமதிக்கப்பட்டார். கேள்விகளை அவர் அட்டெண்டரிடம் கேட்க வேண்டும். அட்டெண்டர் தலைவரிடம் கேட்பார். தலைவர் அட்டெண்டருக்கு விடையளிப்பார். அட்டெண்டர் அந்த விடையை நோயாளியிடம் சொல்லாதிருப்பார். இதுவே முறை.

டாக்டர் ஜெபசீலன் எழுந்தார். அவர் எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்து பேசியதில்லை.

“இந்த மருத்துவமனை நோயாளியின் சுயமுடிவுரிமையை உயிரினும் மேலாக மதிக்கிறது. அவ்வளவு விலைமதிப்புள்ள ஒன்றை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் அதை உடனே பயன்படுத்திவிட்டால் யார் பொறுப்பு? தங்க வளையல் போட்டுக்கொண்டு வருபவரிடம் அறுவைக்கு முன் அதைக் கழற்றி வாங்கி வைக்கிறோம் அல்லவா? அதுபோலவே இதையும் வாங்கிப் பத்திரப்படுத்துகிறோம். குணமாகி வீடு திரும்பும்போது மற்ற உடைமைகளோடு சேர்த்துத் திருப்பித் தந்துவிடுவோம்.”

குழுவினர் தலையசைத்தனர்.

“என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டா என்பது எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். காலையில் ஒரு வெள்ளை மாத்திரை தருகிறார், விழுங்குகிறேன். என்ன மாத்திரை என்று கேட்டதே இல்லை. எவ்வளவு நிம்மதியாக இருக்கிறேன் பாருங்கள்!”

இரு கைகளையும் விரித்துக் காட்டினார். அவை சற்று நடுங்கின. அனைவரும் கைதட்டினர்.

செல்லியம்மாள் மகளின் விலாவில் இடித்தார். வினிதா எழுந்து, “சார், வேற வழி எதுனா இருக்கான்னு அம்மா கேக்கறாங்க” என்றாள்.

தலைவர் கண்ணால் சைகை காட்டினார். தமிழினி வந்து, செல்லியம்மாளின் இரு காதுகளிலும் பெரிய ஹெட்ஃபோனைப் பொருத்தினார். அதில் புல்லாங்குழல் இசை ஓடியது. முக்கியமான விவாதங்களின்போது நோயாளியின் மனஅமைதிக்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது.

புல்லாங்குழல் இசைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் ரோஹிணி எழுந்தார். “சார், ரேடியேஷன் இருக்கு. இந்த ஸ்டேஜ்ல ரெண்டுலயும் குணமாகுற வாய்ப்பு கிட்டத்தட்ட சமம்தான். குரலையும் காப்பாத்த முடியும். நான் முதல்லயே எழுதிக் குடுத்திருந்தேன்.”

“அறிவேன், டாக்டர். கரண்ட் வைப்பது வாரக்கணக்கில் நாள்தோறும் நடக்கும். அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே புற்றுநோய் என்று பெரிதாக எழுதியிருக்கும். நோயாளிக்குத் தெரியாமல் அதைச் செய்ய வழியே இல்லை. அறுவை அப்படியல்ல. மயக்கத்தில் தொடங்கி மயக்கத்தில் முடிகிறது. அதன் பிறகு நோயாளி யாரிடமும் எதையும் கேட்கப்போவதும் இல்லை. மனஅமைதி என்ற கோணத்தில் நோக்கினால், இதைவிட முழுமையான சிகிச்சை கிடையாது.”

வினிதா நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தைச் செல்லியம்மாள் பார்த்தார். காதில் புல்லாங்குழல் இனிமையாக ஒலித்துக்கொண்டிருந்தது. ஏலக் கூட்டத்தில் ஆயிரம் முகங்களைப் பார்த்தவருக்கு, தம் கண்ணெதிரே ஏதோ ஒன்று மிகக் குறைந்த விலைக்கு முடிகிறது என்பது மட்டும் புரிந்தது.

ஹெட்ஃபோன் கழற்றப்பட்டது. அறுவை ஏகமனதாக உறுதிசெய்யப்பட்டது. வினிதாவுக்குச் சத்தியம் நினைவூட்டப்பட்டது.

புதன்கிழமை காலை, வெளிநோயாளிகள் கூடத்தில் டோக்கன் எடுப்போர் நிரம்பியிருந்தனர். செல்லியம்மாளை அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்லச் சக்கர நாற்காலி வந்தது. அவருக்குப் பச்சை அங்கி அணிவிக்கப்பட்டிருந்தது. வழியனுப்புவதற்கு மனஅமைதி வட்டத்தினர் பலரும் கூடத்துக்கு வந்திருந்தனர். குமரேசன் மட்டும் ஏற்கனவே மொட்டை அடித்திருந்தார்; எதற்கும் முன்கூட்டியே இருக்கட்டும் என்று எண்ணியிருக்கலாம்.

கூடத்தின் நடுவே வந்ததும் செல்லியம்மாள், “நிறுத்துய்யா” என்றார். நாற்காலியிலிருந்து இறங்கினார். ஓரமாக இருந்த எடை பார்க்கும் எந்திரத்தின்மீது ஏறி நின்றார். முள் ஆடி நின்றது.

“வாங்க, வாங்க! ஏலம், ஏலம்!”

குரல் கம்மித்தான் இருந்தது. ஆயினும் அலையோசைக்கு மேலே எழுந்து பழகிய குரல். கூடம் திரும்பிப் பார்த்தது.

“செல்லியம்மா தொண்டையில கீறது இன்னா? பாத்தவங்க கீறீங்க, கேட்டவங்க கீறீங்க, சமோசா துன்னவங்களும் கீறீங்க. நான் கேக்கறேன்: சளி! வெறும் சளி! சளி, ஒரு தரம்!”

எவரும் பேசவில்லை. பயிற்சி அப்படி.

“சளி... ரெண்டு... தரம்...”

குமரேசனின் மொட்டைத் தலை வியர்த்தது. “சளிக்காங்க்கா நான் மொட்டை போட்டேன்?” என்று அவர் வெடித்தார். “கட்டிங்க்கா!”

“வாசல்ல கட்டி கேக்கறாரு! கட்டி. கொழுப்புக் கட்டி, ஒரு தரம்! கொழுப்புக் கட்டி, ரெண்டு தரம்...”

“கொழுப்புக் கட்டியாமே!” கேண்டீன் வாசலிலிருந்து புஷ்பலதா பொறுக்கமாட்டாமல் கத்தினார். “கிச்சன்ல கூட்டம் போட்டு கேன்சருன்னு சொன்னாங்க!” பிறகு கரண்டியோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏலம் விடுபவர் நடுவில் நிறுத்துவது வழக்கமில்லை. செல்லியம்மாள் நிறுத்தினார். கை பக்கத்துக் கம்பியைப் பற்றியது. எந்திரத்தின் முள் சிறிது ஆடியது.

“கேன்சரு” என்றார் மெல்ல. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டார். “சரி. கேன்சரு, ஒரு தரம். எத்தினியாவது ஸ்டேஜு?”

“நாலு!” என்றார் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர். அவருடைய கூட்டத்தில் செய்தி சற்று வளர்ந்திருந்தது.

“நாலு, ஒரு தரம்! நாலு, ரெண்டு தரம்! நாலு...”

“யார் சொன்னது நாலு?” மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த டாக்டர் ஜெபசீலன் கைப்பிடியை ஓங்கி அடித்தார். “ரெண்டு! இரண்டாம் நிலை! குணப்படுத்தக்கூடிய நிலை! ஒரு தகவலைச் சொல்வதென்றால் சரியாகச் சொல்ல வேண்டாமா?”

“பெரிய டாக்டர் ரெண்டு! ரெண்டு, ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்!” இழுக்காமல், ஒரே மூச்சில் செல்லியம்மாள் முடித்துவிட்டார். கடற்கரையில் நல்ல விலைக்கு அப்படித்தான் முடிப்பார். டாக்டர் ஜெபசீலன் படியிலேயே நின்றுவிட்டார்.

“அடுத்த கூடை. கத்தி! கொரலை அறுத்து எடுக்கறது. கத்தி, ஒரு தரம்.” அவர் பார்வை கூட்டத்தில் ஓர் இடத்தில் நிலைத்தது. “கத்தி, ரெண்டு தரம்...”

“கரண்ட்டும்மா!” வினிதா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். “கரண்ட் வெச்சாலும் சரியாகுமாம்! கொரலு போவாதாம்மா! உனக்குத் தெரிஞ்சுடும்னுதான் வெக்கலியாம்!”

செல்லியம்மாள் டாக்டர் ரோஹிணியைத் தேடிப் பார்த்தார். அவர் தம் அறை வாசலில் நின்றிருந்தார்.

“நெசமாம்மா?”

“ஆமாம்மா.” டாக்டர் ரோஹிணி நேராக அவரைப் பார்த்துப் பேசினார்; இடையில் அட்டெண்டர் யாரும் இல்லை. “ரெண்டுலயும் கஷ்டம் இருக்கு. கரண்ட் வெச்சா தொண்டை எரியும், சாப்பிட முடியாது, ரொம்ப நாள் ஆகும். அதுல கேக்கலைன்னா அப்புறம் ஆபரேஷன்தான். உக்காந்து எல்லாம் சொல்றேன். முதல்லயே சொல்லியிருக்கணும்மா.”

“சொல்லித்தான் இருக்கணும்” என்றார் செல்லியம்மாள். “சரி. கடைசிக் கூடை. இதோ, இந்தத் தொண்டை. யாருது? கமிட்டி கேக்குதா? நான் கேக்கறேன். எனுது, ஒரு தரம்!”

டாக்டர் ஜெபசீலன் வாயைத் திறந்தார். ஆனால் நோயாளியிடம் தலைவர் நேரடியாகப் பேச வழிகாட்டு நெறியில் இடமில்லை. அவர் அட்டெண்டரைத் தேடினார். வினிதா முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

“எனுது... ரெண்டு தரம்.”

தலைவரின் வாய் திறந்தபடியே இருந்தது.

“மூணு தரம்.”

செல்லியம்மாள் எந்திரத்திலிருந்து இறங்கினார். பச்சை அங்கிக்குள்ளிருந்து அட்டைக் கட்டை எடுத்து, ஒரே ஓர் அட்டையை உருவி டாக்டர் ரோஹிணியிடம் கொடுத்தார். கூப்பிய கைகள். மற்றவற்றைத் தமிழினியின் மேசைமீது வைத்துவிட்டார்.

அன்று பிற்பகலே குழு அவசரமாகக் கூடி, நிகழ்ந்ததை ஆராய்ந்து, அது ‘கூட்டுமுறையில் தகவல் வழங்கும் முன்னோட்டத் திட்டம்’ என்றும், குழுவின் வழிகாட்டுதலால் வெற்றியடைந்தது என்றும் தீர்மானம் நிறைவேற்றியது.

தீர்மானத்தை வாசித்து முடித்ததும் டாக்டர் ஜெபசீலனுக்குத் தலை சுற்றியது. கூடத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தமிழினி அவருடைய கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு பல்லின் மேல்வரிசை மட்டும் தெரியப் புன்னகைத்தார்.

“எவ்வளவு?” என்றார் டாக்டர் ஜெபசீலன்.

“உங்க மிஸஸை வரச் சொல்லியிருக்கேன் சார்.”

“எவ்வளவு என்று என்னிடம் சொல்லுங்கள்.”

“சார், நீங்க ரொம்ப ஆசையா வளர்த்த ஒரு செடி...”

அதற்குள் குமரேசன் ஓடிவந்து அவர் தோளைத் தாங்கிக்கொண்டார். “மெதுவா சார். படி கீது.” கேண்டீனிலிருந்து கேட்காமலே இரண்டு வடைகள் வந்தன.

அப்போது செல்லியம்மாள், டாக்டர் ரோஹிணியிடம் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டபின், தம் சொந்தப் புடவையில், மகளுடன் கூடத்தைக் கடந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். டாக்டர் ஜெபசீலன் வெளிறிய முகத்துடன் அவரை நிமிர்ந்து பார்த்தார். செல்லியம்மாள் நின்றார். கையிலிருந்த சாத்துக்குடிப் பையை அவர் மடியில் வைத்துவிட்டுக் குனிந்து, கம்மிய குரலில் கேட்டார்:

“இன்னா சார், ஏலம் வுடட்டா?”